இருபதுக்குச் சைபர்

“பிள்ளை, உண்மையைச் சொல்லும். விடையளை நீர்தானே சொல்லிக் குடுத்தது?”

சண்முகநாதன் பதினைந்து பேரின் விடைத்தாள்களையும் மேசையில் பரப்பினார்.

கண்டியில் இயங்கும் அந்தத் தொண்டு நிறுவனத்தில் பயிற்சிகளின் பலனை அளப்பது அவருடைய வேலை. பயிற்சிக்கு முன் ஒரு பரீட்சை, முடிந்ததும் அதே பரீட்சை. இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் பலன். பயிற்சி கொடுப்பவரின் வேலை நிலைப்பதும் அந்த வித்தியாசத்தில்தான்.

“இல்லங்க சேர்,” என்றாள் கஜனி. கலகெதரயில் பெட்டிஸ், ரோல்ஸ் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் பெண்களுக்கு மூன்று நாள் உணவுச் சுகாதாரப் பயிற்சி நடத்திவிட்டு வந்திருந்தாள். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

“முதல் நாள் சைபர் எடுத்தவை மூண்டாம் நாள் இருபதுக்கு இருபது. அதுவும் பதினொரு பேர்! மந்திரம் ஏதும் போட்டனீரோ?”

“எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சுங்க சேர். ரொம்பக் கவனமாப் படிச்சாங்க.”

கஜனியின் கண் கலங்கியது. சண்முகநாதன் மசியவில்லை. மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் கலகெதர பஸ்ஸில் ஏறினார்.

அந்தப் பதினொரு பேரில் முதல் பெயர் பாயிஸா. வீட்டைக் கண்டுபிடித்து, தான் யார் என்று சொல்லி, நேரே குசினிக்குள் போகப் பார்த்தார்.

“இரிங்க சேர். சப்பாத்தக் கழட்டுங்க. கையக் கழுவிட்டு வாங்க.”

கழுவினார்.

“இருவது செக்கன் ஆகல்ல. திரும்பக் கழுவுங்க.”

திரும்பக் கழுவினார்.

குசினியில் ஓர் ஈ கூட இல்லை. பிரிட்ஜில் பச்சை இறைச்சி அடித்தட்டில் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் தேதி ஒட்டியிருந்தது. பரீட்சையில் இல்லாத ஐந்து கேள்விகளைக் கேட்டார். பாயிஸா பெட்டிஸ் மடித்தபடியே ஐந்துக்கும் விடை சொன்னார். அவர் ஆறாவதாக ஒன்று கேட்டபோது, கேள்வியே பிழை என்று திருத்தியும் விட்டார்.

“இதெல்லாம் கஜனி மிஸ் படிப்பிச்சதோ?”

“ஓ சேர். எல்லாம் மிஸ்தான்.”

சண்முகநாதன் கதிரையில் உட்கார்ந்து முதல் நாள் தாள்களை எடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். சரியானதன் கீழ் கோடு போட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, பச்சை இறைச்சியை எங்கை வைக்கிறது எண்ட கேள்விக்கு, ‘அலுமாரியில்’ எண்டு கோடு போட்டிருக்கிறீங்கள்.”

பாயிஸா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

“ஒண்டுமே தெரியாத ஒராள் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாலும் நாலைஞ்சு சரிவரும். நீங்கள் பதினொரு பேரும் சைபர். இருபதுக்குச் சைபர் எடுக்கிறதெண்டால் இருபது விடையும் தெரிஞ்சிருக்கோணும்.”

பெட்டிஸ் மடித்த கை நின்றது.

“அது சரியான கஷ்டம் சேர். கை தன்னால சரியான விடைக்கே போகுது. ஒண்டு ரெண்டச் சரியாப் போட்டிருக்கணும். அந்த மூளை எங்களுக்கு வரல்ல.”

“ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?”

“போன வருஷம் ஜனகன் சேர் வந்தார். நாங்க மொத நாளே தெரிஞ்சதெல்லாம் போட்டோம். கடைசி நாளும் அதே மார்க்ஸ். வித்தியாசம் இல்லயாம்னு அவர வேலையால நிப்பாட்டிட்டாங்க. நல்ல மனிசன், பாவம். இந்தப் புள்ளைக்கும் அப்பிடி ஆகிடக்கூடாதுன்னுதான். அவளுக்கு இது தெரியாது சேர்.”

ஜனகனை நிறுத்திய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் சண்முகநாதன். அந்தச் சங்கடத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டார்.

“எல்லாம் தெரிஞ்ச நீங்கள் மூண்டு நாளும் என்னத்துக்கு வந்து குந்தியிருந்தனீங்கள்? மத்தியானச் சாப்பாட்டுக்கோ? இலவசமாக் குடுத்த துணிப்பைக்கோ?”

பாயிஸா கோபப்படவில்லை.

“பதினஞ்சு பேர் சேராட்டி வகுப்பு இல்லன்னு சொன்னது ஒங்கட ஒபிஸ்தானே? புதுசாத் தொழில் தொடங்கினவங்க நாலு பேர்தான் ஈக்கிறாங்க. ஒங்கட சேர்ட்டிபிகேட் இல்லாட்டி அவங்கட்ட ஒரு கடையிலயும் சாமான் எடுக்க மாட்டாங்க. அதான் மிச்சக் கதிரைய நாங்க நிரப்பினோம். பின்னேரத்தில அவங்கட குசினிக்கும் போய், மிஸ் சொன்ன மாதிரி செய்றாங்களான்னு பாத்துக் குடுத்தோம்.”

“அந்த நாலு பேரும் இனி உங்களோடை போட்டிக்கெல்லோ வருவினம்?”

“வரட்டுமே. அந்த நாலு பேர்ல றமீலாட ரோல்ஸ் இன்னும் தலாணி மாதிரித்தான் ஈக்கு.”

சண்முகநாதன் அந்த நான்கு பேரின் தாள்களையும் தனியே எடுத்தார். முதல் நாள் நான்கு, ஐந்து, ஐந்து, ஆறு. கடைசி நாள் பதினைந்து, பதினாறு, பதினாறு, பதினேழு. பொய்யில்லாத புள்ளிகள். கஜனி நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய அறிக்கை பணிப்பாளர் திருச்செல்வத்தின் மேசைக்குப் போனது. கஜனியின் ஒப்பந்தத்தை நீடிக்க வேண்டும், ஜனகனைத் திரும்பக் கூப்பிட வேண்டும், பதினைந்து பேர் என்ற விதியை எடுக்க வேண்டும்.

திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றினார்.

“பதினைஞ்சு பேருக்குச் செலவழிச்சிருக்கம். படிச்சது நாலே பேர். நாலு பேருக்கு ஒரு ரீச்சர் எண்டால் கட்டுபடியாகுமோ?”

“ஒரு ரீச்சர் எண்டு நாங்கள் பிழையா எழுதிப்போட்டம் சேர்,” என்றார் சண்முகநாதன். “பன்னிரண்டு பேர் படிப்பிச்சிருக்கினம்.”