தொட்டியில் தொங்கிய ரொட்டி

"இன்னிக்கு அந்த ஆளைப் பிடிக்காம விடறதில்ல!"

ஸோர்க்கா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். போட்ட காபி ஆறிப்போயிருந்தது.

கீழே குடியிருப்பின் பழுப்புத் தொட்டி. சாப்பாட்டு மிச்சத்தை அதில் போட்டால், நகராட்சி வண்டி கொண்டுபோய் எரிவாயுவாக்கும். பாலர் பள்ளியில் குளிருக்கு எரிவதே அந்த வாயுதான். ஸோர்க்காதான் குடியிருப்புத் தலைவி. தொட்டியின் மானம் அவள் மானம்.

யாரோ ஒரு புண்ணியவான் தினமும் ஒரு ரொட்டியைப் பையில் கட்டித் தொட்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகிறான். ரொட்டியைக் குப்பையில் போட்டால் பாவமாம். அந்தக் காலத்து வழக்கம்! ஒரு வாரமாக அவள்தான் பையைப் பிரித்து ரொட்டியை உள்ளே தள்ளுகிறாள். தொட்டால் மெத்தென்று இருக்கும். தின்று கொழுத்த திமிர், வேறென்ன?

வேலை போன மகன் உட்கார்ந்து சாப்பிட்டதையே பொறுக்காதவள் அவள். "சம்பாதிச்சுட்டு வந்து என் ரொட்டியைத் தொடு" என்று குடியிருப்பே கேட்கக் கத்தினாள். அன்று பெட்டியோடு கிளம்பிய நெனாத், அதே ஊரில் மொராவா ஆற்றங்கரையில் எவனோ சிநேகிதன் அறையில் கிடப்பதாகக் கேள்வி.

கீழே ஒரு தொப்பி தெரிந்தது. செருப்பு மாட்டவும் நேரமில்லாமல் ஓடினாள்.

இரண்டாம் மாடி தீஹோமிர்! ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"நீங்கதானா அண்ணே? மூடியைத் திறந்து போடக் கை வலிக்குதோ?"

"கத்தாதம்மா. இது மிச்சமில்ல. இப்பத்தான் வாங்கினேன், தொட்டுப் பாரு, சுடுது."

"புது ரொட்டியையா குப்பைத் தொட்டில மாட்டறீங்க? புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"கையில குடுத்தா வாங்க மாட்டேங்கறான். ரோஷக்காரன். யாரோ வேணாம்னு மாட்டினதுன்னா எடுத்துக்கறான். எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் வருவான். ஒரு வாரமா வெறுங்கையோட திரும்பறான், பாவம். எந்தப் படுபாவி முந்திக்கறானோ!"

ஸோர்க்கா தொட்டியின் மூடியைப் பார்த்தாள்.

"யா... யாருண்ணே அது?"

தீஹோமிர் பையின் முடிச்சை இறுக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் ரொட்டியைத்தானே தொடக் கூடாதுன்னே? இது என்னுது, ஸோர்க்கா. நெனாத் தொடலாம்."