சைவ சென்ட்

வோபர்னில் அழகுசாதனக் கடை வைத்திருக்கும் ஏஞ்சலா நீட்டிய சென்ட் போத்தலை நான் நம்பவில்லை.

"புனுகு, கஸ்தூரி ஏதும் கலந்ததோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். முழுக்கப் பூவும் மரப்பட்டையும்தான்."

"லேபிளிலை ஆரும் என்னவும் எழுதலாம்."

"கொம்பனிக்குப் போன் அடிச்சே கேட்டனான்."

"கந்தசஷ்டி விரதம் நடக்குது. மிருகத்தின்ரை மணம் கொஞ்சம் வந்தாலும் மனிசி கதவு திறவாள். வெளியிலை ஸ்னோ கொட்டுது."

"வாயில்லாச் சீவனிலை உங்கள் ரெண்டு பேருக்கும் எவ்வளவு இரக்கம்" என்று அவள் உருகிப்போனாள்.

காசைக் கொடுத்து, போத்தலை அங்கேயே திறந்தேன். சட்டையில் ஒரு தரம் அடித்தேன். மீசையில் நாலு தரம்.

"மீசைக்கு ஏன் அங்கிள் இவ்வளவு?"

"பக்கத்துக் கடையிலை இப்பதான் மூண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டனான்."