சந்தியாவின் பங்கு

ஜலஜாவின் படத்துக்குச் சந்தியா போட்ட மல்லிகைச் சரத்தை ஸ்ரீனிவாசன் வெடுக்கென்று பிடுங்கினார். நார் அறுந்து பூக்கள் ஹால் முழுக்கச் சிதறின.

"எத்தனை தடவை சொல்றது? அவ படத்துக்கு மாலை போடாதே!"

சந்தியா குனிந்து பூக்களைப் பொறுக்கினாள். ஜலஜா அவருடைய முதல் மனைவி. அமெரிக்காவில் ஒரு கார் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். மாலை போட்டால் போனவள் போனவள்தான் என்று ஆகிவிடும், மனிதருக்கு அதைத் தாங்க முடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள். இப்படி ஒரு பாசம் தன்மேல் எப்போது வரும் என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றைய எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அமெரிக்க வேலையை விட்டு இருவரும் துபாய் பக்கத்து அஜ்மானுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. அமெரிக்காவில் சேர்ந்து வாழ்ந்த கடைசி வருடத்துக்கு, இருவர் பெயரிலும் போட்ட மாநில வருமான வரிக் கணக்கில் நாலாயிரம் டாலர் திரும்பி வரவேண்டும். பணத்துக்குப் பதில் கடிதம்தான் வந்தது. கணவரின் பழைய பாக்கிக்காக முழுத் தொகையையும் பிடித்துக்கொண்டார்களாம்.

"என்ன பாக்கிங்க அது? அதுல என் சம்பளத்துல பிடிச்ச வரியும் இருக்கே. பிரசவச் செலவுக்கு அதைத்தானே நம்பியிருக்கோம்?"

"போனது போகட்டும், விடு."

"என் பங்கை மட்டும் திருப்பிக் கேக்க ஒரு ஃபாரம் இருக்காம். பழைய ஆபீஸ் ஃப்ரெண்டு மெயில்ல சொன்னா."

அவர் கிட்டே வந்தார். குரல் தணிந்திருந்தது. கத்தியபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

"அந்த ஃபாரத்தைத் தொடாதே சந்தியா. உன் விசா என் ஸ்பான்சர்ல இருக்கு. பாஸ்போர்ட் என் ஆபீஸ் லாக்கர்ல இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

நாலு மாதக் கர்ப்பிணியிடம் பேசுகிற பேச்சா இது! சந்தியா அன்று ராத்திரி அந்தக் கடிதத்தையே திருப்பித் திருப்பிப் படித்தாள். சூதாட்டமா, கிரெடிட் கார்டா, எதில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்? இன்றைக்கு இந்தப் பணத்தைப் பிடித்தவர்கள் நாளைக்கு எதைப் பிடிப்பார்களோ?

மறுநாள் அவர் டியூட்டிக்குக் கிளம்பியதும் டாக்சி பிடித்து ஷார்ஜா போனாள். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு வரிக் கணக்கு எழுதித் தரும் அருள்ராஜ் அங்கே இருந்தார், தூத்துக்குடிக்காரர். என்ன பாக்கி என்று முதலில் கேட்போம் என்று சொல்லி, அவளிடம் கையெழுத்து வாங்கி அமெரிக்க வரி ஆபீசுக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். பதில் வந்துவிட்டது என்று வியாழக்கிழமை கூப்பிட்டார்.

அவள் நாற்காலியில் உட்காரும்போதே செல்போன் அதிர்ந்தது. ஸ்ரீனிவாசன். எடுக்கவில்லை.

"பயப்படாதீங்க மேடம், நீங்க நினைச்ச மாதிரி சூதாட்டம் எல்லாம் இல்ல. அரசு ஆஸ்பத்திரி பாக்கி. மனைவி ஜலஜாவோட சிகிச்சைக்கு, கணவர்ங்கிற முறையில அவர் கட்ட வேண்டியதுன்னு போட்டிருக்கு."

சந்தியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம் மனிதர், சாகக் கிடந்தவளுக்குச் செய்த செலவு! இதைச் சொல்ல என்ன தயக்கம்?

"அவங்க முதல் சம்சாரம் சார். தவறிப்போயி ஏழு வருஷம் ஆச்சு. அந்தக் கடனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லேன்னு எழுதலாம்ல?"

"தாராளமா எழுதலாம். அதுக்குத்தானே இந்த ஃபாரமே!"

அருள்ராஜ் ஃபாரத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஃபாக்ஸின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். சந்தியா தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். போன் மறுபடி அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கே வந்துவிட்டது. மூன்றாவது தடவை.

அருள்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதே பக்கத்தைத் திரும்பப் படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மனநல ஆஸ்பத்திரி மேடம். மாசாமாசம் பில் போட்டிருக்காங்க. கடைசி பில் போன மாசத்துது."

"போன மாசமா? யாருக்கு சார்?"

"பேஷண்ட் இன்னும் அங்கதான் இருக்காங்கன்னு எழுதியிருக்கு."

சந்தியாவின் பேனா பாதிப் பெயரில் நின்றது. அருள்ராஜ் அவள் கைக்கு அடியிலிருந்த ஃபாரத்தை மெல்ல உருவி எடுத்துக்கொண்டார்.

"இது மனைவி போடற ஃபாரம், மேடம்."