சொக்கனுக்கு என்ன அவசரம்?

“சொக்கன் பண்ணது தப்புதான்” என்று கலைச்செல்வி மிஸ் அடித்துச் சொன்னாள்.

சொக்கன் என்பது டிவியில் வரும் ஒரு கார்ட்டூன் கரடி. செஞ்சியில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைவிட டீச்சர்களுக்குத்தான் அவன்மேல் பைத்தியம் அதிகம். முந்தின நாள் சொக்கன் சிறப்பு நிகழ்ச்சி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒரு விருந்து. யானை வரவேற்றுப் பேசி முடிப்பதற்குள் சொக்கன் பாய்ந்து போய்த் தட்டு நிறைய லட்டை அள்ளிவிட்டான். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. ஸ்டாஃப் ரூமே இரண்டு கட்சியாகிக் கிடந்தது.

“பசிச்சிது, எடுத்தான். இதுல இன்னா தப்பு மிஸ்?” என்றார் பி.டி. மாஸ்டர் எழிலன்.

“உங்க ஆளாச்சே, விட்டுக் குடுப்பீங்களா? ரெண்டு பேருமே தீனிப்பண்டாரம்” என்றாள் கலைச்செல்வி. எல்லாரும் சிரித்தார்கள். எழிலனும் சிரித்தார்.

புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் மதுமிதா மட்டும், “அவன் அள்ளுனதத்தான் காட்னாங்க. தின்னத காட்டவே இல்லயே மிஸ்” என்றாள் மெதுவாக.

கலைச்செல்வி காதில் வாங்காததுபோல் திரும்பிக்கொண்டாள். மதுமிதாமேல் அவளுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது.

தை மாதம் புது வீட்டுக்குக் குடிபோனபோது, ஒரு சாயங்காலம் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மதுமிதா வந்தாள், வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், வாய் நிறையப் பேசினாள். இலை போட்டதும், வயிறு சரியில்லை என்று தண்ணீர்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டாள். கலைச்செல்வியின் தங்கையுடைய வளைகாப்புக்கு ஒரு சாயங்காலம் வந்தபோதும் மதுமிதாவுக்கு அதே வயிறு, அதே பதில்.

கலைச்செல்வி அரக்கோணம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் அப்பா கூலி வேலை செய்துதான் அவளை பி.எட். வரை படிக்க வைத்தார். சின்ன வயதில் ஊர்த்தெருக்காரர்கள் யாரும் அவர்கள் வீட்டில் கை நனைத்தது கிடையாது. அப்போது முகத்துக்கு நேராகச் சொன்னார்கள், இப்போது படித்தவர்கள் வயிற்றைச் சாக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நினைத்தாலே அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் நிலாவுக்குப் பிறந்தநாள். மதுமிதா சைவம் என்று தெரிந்து, புதுப் பாத்திரம் வாங்கி எலுமிச்சை சாதமும் கேசரியும் செய்தாள். இன்றைக்கும் சாப்பிடாமல் போனால் இனி அவளோடு பேச்சே கிடையாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கணவர் ராஜாராம் விழுப்புரத்திலிருந்து கேக்கோடு வந்து சேர இருட்டிவிடும். கேக் வெட்டின பிறகுதான் சாப்பாடு.

ஆனால் வெயில் தாழும்போதே மதுமிதாவையும் கூட்டிக்கொண்டு எழிலன் வந்து நின்றார்.

“பசி உயிர் போவுது மிஸ். மொதல்ல எலய போடுங்க.”

“இன்னும் கேக்கே வரல சார்.”

“அது வரும்போது வரட்டும். மது மிஸ், தனியா சாப்பிட எனக்குக் கூச்சமா இருக்குது. நீங்களும் துணைக்கு ஒக்காருங்க.”

அவராகவே பாயை விரித்து, இரண்டு இலையையும் போட்டுக்கொண்டார். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலைச்செல்விக்கு மானம் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறிவிட்டு, கேசரி எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது மதுமிதாவின் இலை காலி.

“எலுமிச்சை சாதம் இன்னும் கொஞ்சம் கெடைக்குமா மிஸ்? ரொம்ப நல்லா இருக்குது.”

கலைச்செல்வி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சாதத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள், எழிலன் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

கை கழுவும் சாக்கில் எழுந்து வந்தவரை அடுப்படி வாசலில் மடக்கினாள்.

“உயிர் போற பசின்னீங்க. ஒரு வாய்கூடச் சாப்பிடல?”

எழிலன் குரலைத் தாழ்த்தினார். “மது மிஸ் தொண்டூர் சமணக் குடும்பம். நானும் அந்த ஊர்தான். பொழுது சாஞ்சிட்டா அவங்க எங்க போனாலும் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. சொன்னா தனக்காக எல்லாரும் நேரத்த மாத்துவாங்கன்னு, வயிறு சரியில்லன்னு சொல்லிடுவாங்க. நீங்க வேற மாதிரி நெனச்சிக்கினு கஷ்டப்பட்டீங்க. அதான்...”

“அதுக்கு நீங்க தீனிப்பண்டாரம்னு பேர் வாங்கணுமா சார்?”

“அது நமக்கு இருக்கற பேருதானே மிஸ்.”

கூடத்து டிவியில் பிள்ளைகள் சொக்கன் நிகழ்ச்சியை மறுபடியும் போட்டிருந்தார்கள். சொக்கன் பாய்ந்து லட்டை அள்ளினான். இந்த முறை கலைச்செல்வி தட்டு எங்கே போகிறது என்று பார்த்தாள். அது பக்கத்திலிருந்த மைனாவிடம் போயிற்று. இருட்டுவதற்குள் கூடு சேர வேண்டிய மைனா கொத்தித் தின்றுவிட்டுப் பறந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும் காட்சி. அன்றைக்குக் கோபத்தில் அதை அவள் கவனிக்கவே இல்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ராஜகிரி மலைக்கு மேல் சூரியன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கேசரிப் பாத்திரத்தோடு ஓட்டமும் நடையுமாகப் போய் மதுமிதா எதிரில் உட்கார்ந்தாள்.

“இன்னும் பொழுது சாயல. நல்லா சாப்புடு, மது.”