மாற்று டிக்கெட்

“சார், மேட்ச் ஆரம்பிக்கப் போகுது. டிக்கெட்டைத் தொலைச்சிட்டு நாற்பது பசங்க கேட்ல நின்னு கத்துறாங்க, காதுல விழுதா?” கல்லூரி விளையாட்டு அதிகாரியின் மேஜையில் மூன்றாவது முறையாக விண்ணப்பத்தை நீட்டினாள் அவள். “மாற்று டிக்கெட் விக்கிற கவுண்டரை எனக்கே கொடுத்துடுங்க. உங்களுக்கும் நிம்மதி.”

“அடுத்த மேட்சுக்கும் தொலைப்பாங்கன்னு என்னம்மா நிச்சயம்?”

“தொலைப்பாங்க சார். நான் பொறுப்பு.”

வெளியே கூச்சல் இன்னும் ஏறியது. தலைவலி தாங்காமல் அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

கேட்டில் நின்றவர்களுக்கு மாற்று டிக்கெட் விற்று முடித்ததும் அவள் நேராகத் தன் லாண்டரிக் கடைக்கு ஓடினாள். கணவன் ஹாஸ்டல் மாணவர்களின் அழுக்குத் துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“இந்தப் பேன்ட் பாக்கெட்ல அடுத்த வார மேட்ச் டிக்கெட் இருக்குடி. எடுத்து வைக்கவா?”

“ஐயோ, கையை எடுங்க! அப்படியே மெஷின்ல போடுங்க. கவுண்டர் நமக்கே கிடைச்சிடுச்சு!”