சாப்பாட்டு மணி

ஒரு இயற்கைப் பண்ணையில் மயிலை, செவலை என்று இரண்டு காளைகள் இருந்தன. மயிலைக்குக் கண் போய்விட்டது. செவலையின் கழுத்து மணியைக் கேட்டுத்தான் அது நடந்தது. மணி நின்றதும் மயிலை பக்கத்தில் வந்து நிற்கும். செவலை ஒதுங்கி இடம் விடும்.

பண்ணையை நடத்திய செழியனும் மனைவி யமுனாவும் இரண்டு குடில்கள் கட்டி, அமைதி தேடி வருபவர்களைத் தங்கவைத்தார்கள்.

"நாள் முழுக்க மணிச் சத்தம்" என்று ஒரு விருந்தினர் குறைப்பட்டுக்கொண்டார். யமுனா மணியைக் கழற்றிச் சாப்பாட்டுக் கொட்டகை வாசலில் கட்டினாள். மதியம் ஒரு தடவை அடித்தால் எல்லோரும் சாப்பிட வந்துவிடுவார்கள்.

முதல் நாள் அடித்ததும் மயிலையும் வந்தது, கீரைப் பாத்தியை மிதித்துக்கொண்டு.

"செவலை, ஏன்டா இவ்வளவு தூரம் வந்துட்டே?" என்று மணியைப் பார்த்துக் கேட்டது மயிலை.

"அவன் தொழுவத்துல இருக்கான். இங்க நான் மட்டும்தான். திரும்பிப் போயிடு" என்றது மணி.

"சும்மா விளையாடாதே. அவன் இல்லாம நீ எப்போ தனியா நடந்திருக்கே?" என்று மயிலை இன்னும் நெருங்கியது.

பந்தியில் இருந்த குழந்தைகள் அலறி எழுந்தார்கள்.

"பாவம், கண் தெரியாம யாரையாவது முட்டிட்டா?" என்றாள் யமுனா. செழியன் மயிலையின் கழுத்தைத் தடவியபடி நின்றான். சனிக்கிழமை ஒரு வண்டி வந்து அதைச் சந்தைக்கு ஏற்றிப்போனது.

மறுநாள் மதியம் மணி அடித்தது. விருந்தினர்கள் சாப்பிட வந்தார்கள். தொழுவத்தில் செவலை எழுந்து, சற்று ஒதுங்கி நின்றது.