கையை விட்டது யார்?

"பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடணும்னுதானே உங்களை வேலைக்கு வச்சிருக்காங்க? கூட்டத்துல பிள்ளை கையை விட்டுட்டு அப்படி என்னக்கா பாட்டு வேண்டிக்கிடக்கு?"

ஜெஸ்லின் தொண்டை கிழியக் கத்தினாள். மேடையில் டிரம்ஸ் அடித்த அடியில் கத்தினால்தான் கேட்கும். கோபமும் இருந்தது, இல்லாமல் என்ன?

வெள்ளையம்பலம் பக்கத்து மைதானத்தில் இசைத் திருவிழா. மத்தியானம் பிடித்த மழை விட்டபாடில்லை. நர்சிங் மாணவியான ஜெஸ்லினுக்குக் கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் வாலண்டியர் வேலை. மயங்கி விழுந்தவருக்குக் குளுக்கோஸ், நனைந்து நடுங்குகிறவருக்குத் துண்டு, தொலைந்த பிள்ளைக்குப் பிஸ்கட்.

அரைமணி முன்னால், ஸ்பீக்கர் கம்பிக்குக் கீழே நின்று அழுத நாலு வயசு ஸ்நேகாவைத் உதவிக் கூடாரத்துக்குத் தூக்கி வந்தவளும் அவள்தான். இங்கே சின்னப் பிள்ளைகள் கையில் வீட்டு போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டித்தான் உள்ளே விடுவார்கள். அதைப் பார்த்து போன் போட்டாள். "நான் அவ அப்பா. இதோ வரேன்" என்று ஒரு குரல் சொல்லி வைத்தது.

அதற்குள் இரண்டு பெண்கள் தலைதெறிக்க ஓடி வந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் அம்மா திவ்யலட்சுமி. இன்னொருத்தி வீட்டு வேலைக்கு நிற்கும் இசக்கிசெல்வி.

"தப்பு எம்மேலதான் மக்களே. நாந்தான் பாட்டுல லயிச்சுப்போயி கையை விட்டுட்டேன்" என்றாள் இசக்கிசெல்வி, கேட்பதற்கு முன்பே.

அதற்குத்தான் இத்தனை ஏச்சு. இசக்கிசெல்வி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். திவ்யலட்சுமியோ பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள்.

'பெத்தவளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? இவளும் ரெண்டு கேட்டா என்ன?' என்று ஜெஸ்லினுக்கு எரிச்சலாக வந்தது.

"அப்பா வந்தாச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

கேவிக் கேவி அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தியது. பாத்தியா, அப்பான்னா அப்படி ஒரு தைரியம் என்று ஜெஸ்லின் நினைத்துக்கொண்டாள்.

வெங்கடகிருஷ்ணன் குடையை மடக்கி, தண்ணீரை வெளியே உதறிவிட்டுத்தான் கூடாரத்துக்குள் கால் வைத்தார். அப்படி ஒரு பதவிசு.

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்று ஜெஸ்லினிடம் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை. "குழந்தை யார் கையில இருந்தா?"

"எங் கையிலதான் சார்" என்று இசக்கிசெல்வி குறுக்கே வந்து நின்றாள்.

அவர் ஜெஸ்லின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"ஆமா சார், அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கொஞ்சங்கூடப் பொறுப்பே இல்ல."

"சரி." அவர் இசக்கிசெல்வியைப் பார்த்தார். "இனி நீ வீட்டுப் பக்கம் வரவேண்டாம். உன் துணிமணியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்து வைக்கறேன்."

திவ்யலட்சுமி என்னமோ சொல்ல வாயெடுத்தாள். இசக்கிசெல்வி அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். வேலைக்காகச் சிபாரிசு கேட்கிறாளாக்கும் என்று ஜெஸ்லின் நினைத்தாள். நல்லா வேணும், பட்டால்தான் புத்தி வரும்.

மூன்று பேரும் ஒரு குடைக்குள் காருக்குப் போனார்கள். இசக்கிசெல்வி தனியே மழையில் இறங்கி நடந்தாள்.

கேட்டில் நிற்கும் ஷிபு ஓடி வந்தான்.

"பிள்ளை கிட்டியோ? நல்ல வேளை. ஆமா, அந்தச் சேச்சி எதுக்குக் கரைஞ்சு அழுதுட்டுப் போகுது?"

"பாட்டு கேட்டுட்டுப் பிள்ளையை விட்டுட்டா. வேலை போச்சு."

"யாரு, அந்தச் சேச்சியா? அது உள்ளே வரவே இல்லையே! அவங்ககிட்ட பாஸ் ஒண்ணுதான் இருந்துது. மூணு மணியிலருந்து என் பக்கத்துல, பையும் வச்சுக்கிட்டு மழையில நின்னுது. அந்த மேடம் பிள்ளையைக் காணும்னு அழுதுட்டு வந்தப்பறந்தான் நானே உள்ளே விட்டேன்."

ஜெஸ்லின் செருப்பைக்கூட மாட்டாமல் சேற்றில் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில்தான் இசக்கிசெல்வியைப் பிடிக்க முடிந்தது.

"அக்கா! பிள்ளையை விட்டது நீங்க இல்ல. எதுக்குக்கா பொய் சொன்னீங்க? நான் வேற வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே!"

"போவட்டும் மக்களே. நீ அறியாம ஏசினது."

"எங்கக்கா போவீங்க இப்ப?"

"தம்பானூர் ஸ்டாண்டுக்குப் போயி வள்ளியூருக்கு பஸ் ஏறணும். பத்தாங்கிளாசு படிக்கிற மக இருக்கா. அவகிட்ட என்ன சொல்லப்போறேனோ, அதுதான் நெனச்சிட்டு நிக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையா கண்ணீரா, யார் கண்டது.

"அவர் நம்பர் எங்கிட்ட இருக்கு. இப்பவே கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுறேன். உங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கிடுவாரு." ஜெஸ்லின் போனை எடுத்தாள்.

இசக்கிசெல்வி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"சொல்லிராத மக்களே, நீ நல்லாயிருப்ப! போன வருசம் பாலு பொங்கி வழிஞ்சதுக்கே அந்த சாரு திவ்யாம்மா கையை ஒடிச்சுப்போட்டாரு. குளிமுறியில வழுக்கி விழுந்தேன்னு ஆசுபத்திரியில சொல்லிச்சு அந்தப் பாவம். எனக்கு வேலை போனதோட முடிஞ்சுது. அது இனி அந்த வீட்டுக்குல்லா போவணும்?"